ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்?

செவிலியருக்குப் பொதுத்தேர்வு வைத்து, தேறியவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற யோசனை இங்கிலாந்தில் எழுந்தபோது அதை முழுமூச்சாக எதிர்த்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே நம்புவதில்லை. "அவங்களா மேம்?" என்று கேட்பார்கள். முதலாண்டில் அவர் படத்துக்கு முன்னால் விளக்கேந்தி உறுதிமொழி சொன்னவர்கள் அவர்கள். மே 12 வந்தால் செல்போனில் அவர் படத்தை வைப்பவர்கள்.

நான் அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து, பிறகு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மாலை வேளைகளில், அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதப்போகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். வந்ததும் அவர்கள் கேட்பது கேள்வித் தொகுப்பு. எத்தனை ஆயிரம் கேள்வி போட்டுப் பார்த்தால் பாஸ் ஆகலாம் என்பது அடுத்தது. முதல் வகுப்பில் நான் கேள்வி எதையும் தொடுவதில்லை. இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்கிறேன். அது தெரிந்தால், தேர்வு நம்மிடம் எதைத் தேடுகிறது என்பது பிடிபடும். அந்தக் கதைதான் இது.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிரிமியப் போரில் அவர் செய்த சேவைக்கு நன்றியாக மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் நடந்த பள்ளி அது. முதல் அணியில் 15 பேர். ஓராண்டுப் பயிற்சி. மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி நடத்தை: நேரம் தவறாமை, சத்தம் போடாமல் நடந்துகொள்வது, நம்பகம், உடைச் சுத்தம், வார்டைப் பராமரிக்கும் ஒழுங்கு என்று ஐந்து தலைப்புகள். அடுத்த பகுதி கைவேலை: புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அட்டை விடுவது, எனிமா கொடுப்பது, படுக்கை போடுவது, நோயாளிக்குப் பத்தியம் சமைப்பது என்று பதினான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'மிக நன்று' தொடங்கி பூஜ்யம் வரை மதிப்பு. அந்தக் கைவேலைப் பட்டியலில்தான் நோயாளியைக் கவனிப்பதும் இருந்தது. கவனிப்பது என்றால் முகத்தைப் பார்ப்பது, மூச்சைப் பார்ப்பது, சாப்பிட்டாரா இல்லையா என்று தட்டைப் பார்ப்பது.

அந்தப் பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு வெளிவந்த 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தில் நைட்டிங்கேல் ஒரு சின்ன விஷயத்தில் மிகவும் கறாராக இருக்கிறார். நோயாளி ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்காதீர்கள் என்கிறார். அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும். பத்து மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்காவிட்டால் தூக்கமே இல்லை என்று சொல்பவர் உண்டு. விட்டு விட்டுக் கண்ணயர்ந்ததையே நல்ல தூக்கம் என்று சொல்பவரும் உண்டு. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்கச் சொல்கிறார். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார் என்றால் இதயம் தளர்கிறதா என்று யோசிக்க வேண்டும். இன்சுலின் போடுகிற ஆள் விடியற்காலையில் வியர்த்து விறுவிறுத்து எழுந்தார் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். டியூட்டி மாறும்போது 'நல்லாத் தூங்கினார்' என்று ஓவரில் சொல்லிவிட்டுப் போனால் இவை இரண்டும் கைநழுவிப் போகும்.

இப்படிக் கண்ணும் காதும் திறந்து வேலை செய்வதை மூன்று மணி நேரத் தாளில் எப்படி அளப்பது? இதுதான் நைட்டிங்கேலின் எதிர்ப்பு. மனப்பாடத்தை அளக்கலாம். பொறுமையை, உண்மையை, விழிப்பை அளக்க முடியாது. இருபத்தைந்து வயதில் ஒருத்தி தேர்வில் தேறினாள் என்று பதிவேடு சொல்லும். நாற்பத்தைந்து வயதில் அவள் எப்படி இருக்கிறாள் என்று அது சொல்லாது. அவளைத் தினமும் பார்க்கிற மேட்ரனும் மருத்துவமனையும் சொல்வதே சரியான சான்று என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சியில் நின்றவர் எதெல் ஃபென்விக். இருபத்து நான்கு வயதில், 1881-இல், லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு மேட்ரன் ஆனவர். 1887-இல் ஒரு டாக்டரைத் திருமணம் செய்துகொண்டு மருத்துவமனை வேலையை விட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டதும் எளிய கேள்விதான். மூன்று ஆண்டு பயிற்சி முடித்த பெண்ணும், மூன்று மாதத்தில் நின்றுவிட்டுச் சீருடையை மட்டும் மாட்டிக்கொண்ட பெண்ணும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாய்க்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? ஊருக்கெல்லாம் பொதுவான ஓர் அளவு வேண்டும், அதைச் சட்டம் காக்க வேண்டும் என்றார்.

1893-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. ஆனால் நைட்டிங்கேல் தரப்பு விடாமல் வாதாடியதால், சாசனத்தில் பதிவேடு என்ற சொல் இல்லை. பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ளத்தான் அனுமதி. ஃபென்விக் ஓயவில்லை. 1910-இல் நைட்டிங்கேல் மறைந்தார். உலகப் போர் வந்து போனது. 1919 டிசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. முப்பத்திரண்டு ஆண்டுப் போராட்டம். 1921-இல் பதிவேடு திறந்தபோது முதல் எண் ஃபென்விக்குடையது. அரசுத் தேர்வு முதன்முதலாக நடந்தது 1925-இல்.

இந்த இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் மனசுக்கு இருவரும் சரி. நைட்டிங்கேல் சொன்னபடி விட்டிருந்தால், பெரிய மருத்துவமனையின் மேட்ரன் தயவு இல்லாத ஏழைப் பெண் எங்கேயும் தலையெடுத்திருக்க முடியாது. ஃபென்விக் வாங்கித் தந்த தேர்வோ, நைட்டிங்கேல் பயந்தபடியே வெகுகாலம் மனப்பாடத்தைத்தான் அளந்தது. அதற்குப் பிறகு நூறாண்டாகத் தேர்வு நடத்துபவர்கள் பட்ட பாடெல்லாம், ஃபென்விக்கின் தாளுக்குள் நைட்டிங்கேலின் கண்ணைக் கொண்டுவருவதற்கான பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே நியூசிலாந்து முந்திக்கொண்டது. கிரேஸ் நீலின் முயற்சியால் 1901-இல் அங்கே செவிலியருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் எலன் டோகர்ட்டி முதல் பதிவுபெற்ற செவிலியர் ஆனார். அமெரிக்காவில் 1903-இல் முதலில் வட கரோலினா, அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா.

இனி நம் ஊர். சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. நைட்டிங்கேல் பள்ளியை விட அது ஆறு ஆண்டு மூத்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் பெருமையாக இருக்கும். 1871-இல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெனரல் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. முதல் அணியில் நான்கே பேர். 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கட்டரின் மருத்துவமனையில் டெலியா ஹௌட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அவரவர் மருத்துவமனையில் அவரவர் வைத்ததே தேர்வு, கொடுத்ததே சான்றிதழ் என்று இருந்த நிலையில், மிஷன் மருத்துவமனைகள் ஒன்றுகூடிப் பொதுத்தேர்வு வாரியங்களை அமைத்துக்கொண்டன. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தை நிறைவேற்றிப் பதிவுக் கவுன்சிலை உண்டாக்கியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பயிற்சி முடித்து வரும் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பதிய வரிசையில் நிற்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு மாகாணத்தில் பதிந்தவர் வேறு மாகாணத்துக்குப் போனால் அங்கே வேறு கவுன்சில், வேறு பாடத்திட்டம். எண்ணிக்கையோ மிகவும் குறைவு. 1946-இல் வந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்குச் சொன்னது. அதே ஆண்டில்தான் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியருக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இன் கடைசி நாளில் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் வந்து, நாடு முழுக்கப் பயிற்சிக்கு ஒரே அளவு என்பதற்கு வழி செய்தது. 2023-இல் அதன் இடத்துக்குப் புதிய தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் நம்மிடம் பயிற்சியின் இறுதித் தேர்வே எல்லாம். அதில் தேறினால் கவுன்சிலில் பதிவு. தனியாக ஓர் உரிமத் தேர்வு என்ற பழக்கம் நமக்கு இல்லை. நம் பிள்ளைகள் என்கிளெக்ஸைக் கண்டு மிரள்வதற்கு இது ஒரு காரணம்.

ஆனாலும் நம் பழைய முறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. தேர்வு வார்டிலேயே நடந்தது. நான் படித்தபோது பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான சிஸ்டர். எனக்கு முன்னால் போன தோழிக்கு பெட் பாத் விழுந்தது. டிரேயை அவ்வளவு அழகாக வைத்திருந்தாள்: இரண்டு பேசின், வெந்நீர், சோப்பு, துண்டுகள், ஸ்பிரிட், பவுடர், சீப்பு, மாற்றுத்துணி எல்லாம் அதனதன் இடத்தில். தேர்வாளர் டிரேயைப் பார்க்கவே இல்லை. பக்கவாதம் வந்து படுத்திருந்த அந்தப் பாட்டியின் காலடியில் போய் நின்று, போர்வையை விலக்கி, செயலிழந்த காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினார். "இங்க வாம்மா. குதிகாலைப் பாரு. என்ன தெரியுது?" குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. "விரலால அமுக்கு. விட்டதும் வெளுக்குதா?" தோழி அமுக்கினாள். வெளுக்கவில்லை, சிவப்பு அப்படியே நின்றது. "இது படுக்கைப் புண்ணோட ஆரம்பம். இன்னும் தோல் கிழியல. இன்னைக்கு நீ பார்த்தா தலையணை வெச்சுக் குதிகாலைத் தூக்கி நிறுத்தலாம். நாளைக்குப் பார்த்தா புண்ணுக்குக் கட்டுதான் போடணும்." பிறகு பாட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பின் அடிப்பகுதி, தோள்பட்டை, முழங்கை, பின்தலை என்று எலும்பு துருத்தும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அது தேர்வா பாடமா என்று எங்களுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு எந்த நோயாளிக்கும் போர்வை போர்த்தும் முன் நான் குதிகாலைப் பார்க்காமல் விட்டதில்லை.

அமெரிக்கத் தேர்வுகளும் தொடக்கத்தில் கட்டுரைத் தேர்வுகளே. சில மாநிலங்களில் செய்முறையும் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கேள்வி போட்டு, தனித்தனியாகத் திருத்தும். இரண்டாம் உலகப் போரில் செவிலியர் அவசர அவசரமாகத் தேவைப்பட்டார்கள். கட்டுரைத் தாள்களை உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்க நேரம் இல்லை. 1944-இல் மாநிலங்கள் தங்கள் கேள்விகளைப் பொதுவில் திரட்டி, இயந்திரம் திருத்தக்கூடிய கொள்குறி வினாத் தேர்வைக் கொண்டுவந்தன. 1950-க்குள் எல்லா மாநிலங்களும் அதற்கு மாறின. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, மனநலம் என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றிலும் தேற 350. தேர்வு வேகமானது, நியாயமும் ஆனது. ஆனால் குதிகாலைத் தூக்கிக் காட்டுகிற தேர்வாளர் அதில் இல்லை.

1982-இல் ஐந்து பாடமும் ஒன்றாகி என்கிளெக்ஸ் பிறந்தது. மூச்சுத்திணறும் கர்ப்பிணிக்கு மனக்கலக்கமும் இருந்தால் அது எந்தப் பாடம்? உண்மையான நோயாளி பாடம் பிரித்துக்கொண்டு வருவதில்லை என்பதைத் தேர்வு ஏற்றுக்கொண்ட ஆண்டு அது. 1994 ஏப்ரலில் கணினிக்கு மாறியது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும்; இந்த ஆளின் திறமை இதுதான் என்று கணினிக்கு உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். ஒருத்திக்கு 85-இல் திரை அணைந்துவிடும், பக்கத்தில் இருப்பவள் 150 வரை போவாள். நம் சென்னையிலேயே மையம் இருப்பதால் அமெரிக்கா போகாமலே எழுதலாம்.

என் வகுப்பில் அடிக்கடி எடுக்கும் மாதிரிக் கேள்வி ஒன்று. நான்கு நோயாளிகள். குடலிறக்க அறுவை முடிந்த இரண்டாம் நாள், வலிக்கு ஊசி கேட்பவர் ஒருவர். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 190, இன்சுலின் போட வேண்டியவர் ஒருவர். தைராய்டு அறுவை ஆன மறுநாள், உதட்டைச் சுற்றி மரமரப்பாக இருக்கிறது என்பவர் ஒருவர். டிஸ்சார்ஜ் ஆகி, மாத்திரை விவரம் கேட்கக் காத்திருப்பவர் ஒருவர். முதலில் யாரிடம் போவாய்? புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வலியிடம் போகிறார்கள். வலி பெரிதுதான், ஆனால் அது எதிர்பார்த்தது. மரமரப்பு அப்படியில்லை. தைராய்டின் பின்பக்கம் பயறு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையில் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். முதலில் உதடு, விரல்நுனி. பிறகு பிபி பட்டையை இறுக்கினால் கை இழுத்து மடங்கும். அதற்கும் பிறகு குரல்வளை இறுகி மூச்சே அடைபடும். அந்த நோயாளி சத்தம் போட மாட்டார். "என்னமோ உதடெல்லாம் மரமரங்குது சிஸ்டர்" என்று சாதாரணமாகத்தான் சொல்வார். அவரிடம்தான் ஓட வேண்டும். டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கால்சியம் குளுக்கோனேட்டையும் மூச்சுக்குழல் திறக்கும் டிரேயையும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கேள்வியில் நம் பிள்ளைகள் தடுமாறுவது படிப்பினால் இல்லை, பழக்கத்தால். இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை எழுதியிருக்கிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் துடிப்பு 52. மாத்திரையைக் கொடுப்பாயா? "டாக்டர் எழுதியிருக்காரே மேம்" என்பார்கள். 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்து டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது செவிலியரின் கடமை, தேர்வு அதைத்தான் கேட்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதியதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாத பெண்ணுக்கு இது விடைத்தாளில் கூட வாயடைக்கிற கேள்வி. அந்தப் பயத்தை நாம் முதலாண்டிலிருந்தே ஊட்டி வளர்த்திருக்கிறோம் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வு மறுபடி மாறியது. இப்போது ஒரே நோயாளியின் கதை வரும். நர்ஸ் எழுதிய குறிப்பு, பிபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் திரையில் இருக்கும். அதன் மேல் ஆறு கேள்விகள். கவனிக்க வேண்டிய குறி எது, அது என்ன சொல்கிறது, எது அவசரம், என்னென்ன செய்யலாம், முதலில் எதைச் செய்வாய், செய்தது பலித்ததா. இந்த ஆறையும் படித்தபோது எனக்கு அந்தத் தேர்வாளர் சிஸ்டரின் கையில் இருந்த குதிகால்தான் நினைவுக்கு வந்தது. பார், அமுக்கு, என்ன அர்த்தம், என்ன செய்வாய், நாளைக்கு வந்து திரும்பப் பார். தேர்வு நடத்துபவர்கள் நூறாண்டு சுற்றிக் கட்டிலருகே வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் மெய்யான மகிழ்ச்சி.

வருத்தம் எல்லாம் இந்தப் பக்கம்தான். தேர்வு கட்டிலருகே வரும் நேரத்தில் நம் பிள்ளைகள் கட்டிலை விட்டு விலகிப் போகிறார்கள். வார்டில் நிற்க வேண்டிய பயிற்சி மணி நேரங்கள் பல இடங்களில் ரெக்கார்டு நோட்டில் மட்டும் நிரம்புகின்றன. படிப்பை முடித்தவர்கள் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான கேள்விகளை விடையோடு உருப்போடுகிறார்கள். அப்படிப் படித்தால் பழைய தேர்வில் ஒருவேளை தேறியிருக்கலாம். இன்றையதில் கஷ்டம்.

பயிற்சிப் பள்ளி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: பிராக்டிகலை ஆய்வுக்கூடத்து பொம்மையிடம் முடித்துவிடாதீர்கள், வார்டுக்குக் கொண்டுபோங்கள். பெற்றோருக்கு: தேர்வு முடியும்வரை வேலைக்குப் போக வேண்டாம் என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். தேர்வெழுதும் பிள்ளைகளே, வாரத்தில் மூன்று நாளாவது டியூட்டி பாருங்கள். சம்பளம் குறைவென்றாலும் பாருங்கள். அன்றன்று பார்த்த ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அந்த ஆறு கேள்விகளுக்கும் உங்கள் நோட்டில் பதில் எழுதுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள், நான் திருத்தித் தருகிறேன்.